பெயரில் மோட்டார் இருந்தால் போதுமா?

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, "நான் மோட்டார் வாகனத் துறையில் பொறியியலாளர் ஆகப் போகிறேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எந்தக் கல்லூரி? எவ்வளவு செலவாகும்?" என்றுதான் கேட்பீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "வாகனத்தில் எந்த வேலை?" என்பதுதான் அது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். 30 ஆண்டுகளுக்கு மேல் பஸ் பட்டறையில் எண்ணெயும் கரியுமாக உழைத்து ஓய்வு பெற்றவன். இப்போது சைனாடவுனில், கிரேத்தா ஆயர் பக்கம், ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். என் காலத்தில் பொறியியலாளர்கள் பலரோடு பழகியிருக்கிறேன். கியர்பாக்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர்களும் அவர்களில் உண்டு. பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, போனெட்டை எப்படித் திறப்பது என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. (இவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. அப்படிக் கேட்ட ஒருவர்தான், எங்கள் பஸ்களில் பிரேக் ஏன் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பட்டறையில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.)

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பி. ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவன் மகள் எஸ்.டி.பி.எம். எழுதி முடித்தவள். சிறு வயதிலிருந்தே அப்பாவோடு லாரிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பிள்ளை. ஒரு நாள் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, பாப்பாவுக்கு காலேஜ் பார்த்தாச்சு. பேருலேயே ஆட்டோமோட்டிவ்னு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணுமாம். சேமநிதியில எடுத்துடலாம்னு இருக்கேன்."

தோட்டத்துக்கு ஒரு முகவர் வந்தாராம். வண்ண வண்ணமாக அச்சிட்ட புத்தகம் ஒன்றைக் காட்டினாராம். அதன் அட்டையில் பந்தயக் கார் படம் போட்டிருந்ததாம். சேமநிதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பணம் மண் சாலையில் அவன் முதுகு குலுங்கிச் சேர்ந்த பணம். பிள்ளையின் கல்விக்காக அதில் ஒரு பகுதியை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எடுத்த பணம் திரும்பி வராது.

"பாப்பாவை உடனே இங்கே அனுப்பு. அதுவரை பணத்தைத் தொடாதே" என்றேன். புதன்கிழமை காலையில் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள்.

"வாகனத்தில் எந்த வேலை, அம்மா?" என்று கேட்டேன்.

"கார் செய்யற வேலை, பெரியப்பா."

காரைச் செய்வது ஒரு வேலை அல்ல, வாசகர்களே. உடலின் எடை, சக்கரத்தின் கோணம், ஸ்பிரிங்கின் கனம் என்று கணக்குப் போட்டு வரைகிறவர் ஒருவர். வரைந்ததைத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று பழுதில்லாமல் வெளியே அனுப்புகிறவர் வேறொருவர். இவர்கள் இருவருக்கும் இயந்திரப் பொறியியல் அடிப்படை. பின்னவருக்கு உற்பத்திப் பொறியியலும் வேண்டும். பிரேக்கையும் பேட்டரியையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளைச் செய்கிறவரோ மின்னியலும் கணினியும் படித்தவர். இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் பார்ப்பவர் பொருளியல் அறிவியல் படித்தவர். விற்ற வண்டியைப் பழுது பார்ப்பது முற்றிலும் வேறு படிப்பு. அது பட்டயத்திலும் சான்றிதழிலும் நன்றாகவே கிடைக்கிறது. அதற்கு நான்காண்டுப் பட்டமும் சேமநிதிப் பணமும் தேவையில்லை.

பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "லாரி ஏன் மேட்டுல ஏறும்போது திணறுது, அதுக்கு என்ன மாத்தணும்னு கண்டுபிடிக்கற வேலை" என்றாள். அது வரைகிற வேலை. அங்கிருந்து எங்கள் தேடல் தொடங்கியது.

சாப்பிட்ட பிறகு அவளை நடக்க அழைத்துக்கொண்டு போனேன். 1827-இல் ஏற்பட்ட மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருப்பதை அறிவீர்கள். அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் கிரேத்தா ஆயர் என்றால் என்ன என்று கேட்டாள். "உனக்கே தெரியுமே, மலாய் படித்தவள்தானே" என்றேன். "கெரெத்தா என்றால் கார், ஆயர் என்றால் தண்ணீர். காருக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தாள். இன்று மலாய்க்காரர் காருக்குச் சொல்லும் அதே சொல் அன்று வண்டியைக் குறித்தது. குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் மாட்டு வண்டிகளில் தண்ணீர் ஏற்றிக் கொண்டுபோன இடம் இது. சீனரும் இதை 'மாட்டு வண்டித் தண்ணீர்' என்றுதான் தம் மொழியில் சொல்லுகிறார்கள்.

அங்கிருந்து தஞ்சோங் பகார் பக்கம் நடந்தால் எங்கோர் ஸ்திரீட் வரும். இன்று உயர்ந்த கட்டடங்கள் நெருக்கி நிற்கும் அந்தத் தெருவில்தான் ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926-இல் ஒரு சிறு பட்டறையில் தொழிலைத் தொடங்கியது. கனடா நாட்டு ஃபோர்டின் கிளை அது. கப்பலில் வந்த வண்டிகளை அங்கே பொருத்தி முடித்து வெளியே அனுப்பினார்கள். இன்னும் சற்று நடந்தால் பிரின்ஸ் எட்வர்ட் சாலை. சிங்கப்பூரின் முதல் பலதுறைத் தொழிற்கல்லூரி 1958-இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது அந்தச் சாலையில்தான். பிறகு அது டோவருக்குப் போய்விட்டது. பட்டறையும் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்ததை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அந்த இரண்டும் ஒரே உலகம்.

ஃபோர்டு பிறகு புக்கிட் தீமாவில் பெரிய ஆலை கட்டியது. 1941-இல் முடிந்த அந்த ஆலை தென்கிழக்காசியாவிலேயே முதல் கார் பொருத்தும் ஆலை என்பார்கள். கட்டி முடித்த சில மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்து கையொப்பமிட்டது அந்தக் கட்டடத்தில்தான். போருக்குப் பின் 1947-இல் மறுபடி கார் வேலை தொடங்கி, 1980-இல் ஆலை மூடப்பட்டது. இப்போது அது அரும்பொருளகம்.

"மூடிட்டாங்களா? அப்ப அங்க வேலை செஞ்சவங்க?" என்றாள் பிள்ளை.

இதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் அதே ஃபோர்டு பெரிய ஆலை வைத்திருந்தது. 2021-இல் நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பேர்போன டைசன் நிறுவனம் சிங்கப்பூரில் மின்கார் செய்யப் போவதாக 2018-இல் சொல்லி, ஓர் ஆண்டு கழித்துத் திட்டத்தையே கைவிட்டது. மறுபுறம், சிங்கப்பூரில் இனிக் கார் ஆலையே வராது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தபோது, 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹூண்டாய் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தது. ஆண்டுக்கு 30,000 மின்கார் வரை செய்யலாமாம். நீண்ட ஓடும் பட்டையே அங்கே இல்லை. தனித்தனி அறை போன்ற இடங்களில் மனிதரும் இயந்திர மனிதரும் சேர்ந்து வண்டியைப் பூட்டுகிறார்கள். ஓட்டிப் பார்க்கும் பாதையை மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்கள்!

ஆலைகள் இப்படி வரும், போகும். ஆகையால் ஒரே ஓர் ஆலைக்கோ ஒரே ஒரு வகை எஞ்சினுக்கோ பிள்ளையைத் தைத்துவிடும் படிப்பைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. சிங்கப்பூரில் 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதில்லை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓட வேண்டும். கார்புரேட்டரிலேயே என் ஆயுள் போனது. இவள் ஆயுள் எதில் போகும் என்று யார் சொல்வது? இயந்திரப் பொறியியலை அழுத்தமாகப் படித்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் வாகனத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்பதே என் கட்சி. மின்னியலில் நாட்டமிருந்தால் அதுவும் குறையில்லை. காலாங்கில் இன்ஃபினியன், பீஷானில் போஷ் என்று, காரின் உள்ளே போகும் மின்னணுப் பொருள்களில் புழங்கும் நிறுவனங்கள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. அவற்றின் வாசலில் கார் எதுவும் நிற்காததால் நம்மவர் கண்ணில் அவை படுவதில்லை.

இதற்கு மாறான கட்சியும் உண்டு. வாகனத்துக்கென்றே ஏற்பட்ட பள்ளிகள் சில நன்றாகவே நடந்திருக்கின்றன. சென்னை குரோம்பேட்டையில் சி. ராஜம் என்பவர் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில், விமானப் பொறியியலோடு மோட்டார் வாகனப் பொறியியலும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அப்துல் கலாம் விமானம் படித்த அதே இடம்தான். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற கார் நகரத்தில் 1919-இல் ஆலைத் தொழிலாளருக்கான பள்ளி ஒன்று தொடங்கி, 1926-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய், இப்போது கெட்டரிங் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே மாணவர்கள் சில மாதம் வகுப்பில், சில மாதம் ஆலையில் என்று மாறி மாறிப் படிக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்திலும் டெய்ம்லர், போஷ் முதலிய நிறுவனங்கள் முன்னின்று 1974-இல் இதே மாதிரி ஒரு முறையைத் தொடங்கின. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவுக்கு இவையெல்லாம் புதுமையாகத் தோன்றியிருக்காது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய அவர், 1945-இல் தொழிற்பள்ளி ஏற்படுத்தியபோது, பொறியியலுக்கு நான்கு ஆண்டு என்பது வீண், கையால் செய்து பழகினால் பாதிக் காலம் போதும் என்று வாதாடினார்.

நாயுடு சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். காலத்தைக் குறைப்பது பற்றி எனக்குத் தெரியாது. கையால் செய்வது பற்றித் தெரியும். ஃபிளின்டுக்கு அனுப்பத் தம்பியிடம் பணமில்லை. ஆனால் அந்த முறை அருகிலேயே கிடைக்கிறது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில், எஸ்.ஐ.டி. என்பார்களே, அதில் பல படிப்புகளில் 8 முதல் 12 மாதம் வரை வேலையிடத்தில் கழிக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் மாணவர்களே சேர்ந்து பந்தயக் காரும் சூரிய சக்திக் காரும் கட்டி ஓட்டுகிறார்கள். ஹூண்டாயோ நன்யாங்கோடு கூட்டு ஆய்வகமே வைத்திருக்கிறது. வருங்கால முதலாளி கேட்கப் போவது, "நீ எதைக் கட்டினாய்? அது எங்கே உடைந்தது? பிறகு என்ன செய்தாய்?" என்பதைத்தான்.

மலேசியப் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வருவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கல்வி அமைச்சின் கட்டண மானியம் வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்கும். அதற்கு ஈடாகப் பட்டம் பெற்றபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். சிலர் இதைத் தளை என்பார்கள். வேலை கிடைக்கும் ஊரில் மூன்று ஆண்டு இருப்பது எனக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை. ஆனால் மானியம் போக மீதியும், வாடகையும், சாப்பாடும் வெள்ளிக் கணக்கில் ஏறும். தோட்டத்துச் சம்பளத்தில் அதை எட்டிப் பிடிப்பது எளிதல்ல.

அன்று மாலை, அந்த முகவரின் கல்லூரியைப் பார்த்தோம். பெயரை எழுதமாட்டேன். உங்களுக்கு வேண்டியது பார்த்த முறைதான்.

பொறியியல் பட்டம் நாட்டுக்கு நாடு செல்ல வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் 2006-இலும், மலேசியா 2009-இலும், இந்தியா 2014-இலும் முழு உறுப்பினர் ஆயின. இதில் ஒரு நுணுக்கம். அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே. அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். ஒரே கல்லூரியில் சிவில் படிப்புக்கு இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் மோட்டார் படிப்புக்கு இருக்காது. மலேசியாவில் பொறியாளர் வாரியத்தின் கீழுள்ள அங்கீகார மன்றம் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. காசு கேட்பதில்லை. பிள்ளை அதில் தேடினாள். முகவர் காட்டிய படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

"போலியா, பெரியப்பா?" என்றாள்.

போலி அல்ல. அது 'பொறியியல் தொழில்நுட்ப'ப் பட்டம். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தின் கீழ் வருவது. நல்ல படிப்புத்தான். ஆலையில் பொறுப்பான வேலைகளும் கிடைக்கும். ஆனால் பொறியாளராகப் பதிவு செய்துகொள்ளும் வழி அதில் நேராக இல்லை. தம்பியிடம் முகவர் 'என்ஜினியர்' என்றுதான் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல் கூடினால் ஒரு பிள்ளையின் வழியே மாறிப்போகிறது. லாரி ஓட்டும் அப்பாவுக்கு அதை எடுத்துச் சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பந்தயக் காருக்கு மட்டும் நான்கு பக்கம்.

அவளைக் கல்லூரிக்கே தொலைபேசியில் பேசச் சொன்னேன். ஆய்வகத்தில் மின்கார் பேட்டரி இருக்கிறதா, கடைசி ஆண்டு மாணவர்கள் பயிற்சிக்கு எந்தெந்த நிறுவனத்துக்குப் போனார்கள், அந்தப் பயிற்சியைக் கல்லூரி தேடிக் கொடுக்குமா, நாமே தேட வேண்டுமா என்று கேட்டாள். மறுமுனையில் பேசிய பெண் மிக மரியாதையாக, "விளம்பரப் பகுதிக்கு மாற்றுகிறேன்" என்றார்.

இங்கே இன்னொரு சாராரையும் நினைத்துக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் எஸ்.டி.பி.எம். தேறி வருவதில்லை. சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனப் பிரிவில் சேர்ந்து, நன்றாகச் செய்து, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் வரை போகிறவர்கள் உண்டு. காலம் கூட ஆகும். ஆனால் என் பட்டறையில் நான் பார்த்த அளவில், கீழிருந்து ஏறி வந்தவர் வரைபடத்தைப் பார்க்கும்போதே, "இந்த நட்டுக்குள் ஸ்பேனர் நுழையாது" என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளை நேரே பல்கலைக்கழகம் போகிறது என்பதற்காக உங்கள் பிள்ளையைக் கரித்துக் கொட்டாதீர்கள்.

வியாழக்கிழமை இரவு தம்பியிடம் பேசினேன். முதலில் அவனுக்குக் கோபம்தான். "அவரு வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு அண்ணே, முகத்தைப் பார்த்து எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றான். டீக்காகச் சேமநிதியைக் கொடுப்பதா என்று நான் கேட்க, அவன் சிரித்துவிட்டான். பிறகு மகளிடம் நெடுநேரம் பேசினான். நான் பால்கனியில் நின்றுகொண்டேன்.

இப்போது அவள் அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியலை முதலாவதாகவும், குளுவாங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாரிட் ராஜா பல்கலைக்கழகத்தை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறாள். நன்யாங்குக்கும் எழுதியிருக்கிறாள். எதிலிருந்தும் பதில் வரவில்லை. அதுவரை குளுவாங் டவுனில் ஒரு சீனரின் பட்டறையில் பகலில் போய் நிற்கிறாள். கைச்செலவுக்குக் கொடுக்கிறாராம். அப்பாவின் லாரி மேட்டில் திணறுவதற்குக் கிளட்ச் தட்டுத்தான் காரணம் என்று அங்கே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டர்போவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி சேமநிதியைத் தொடவில்லை. முகவர் மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டாராம். முன்பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறதாம்.